பதிமூன்று நாள் அலுவலகம்

சலோனிகா நகரத்தில் அப்போது ஐந்து நாட்டுப் படைகள் இருந்தன, இரண்டு நாட்காட்டிகள் இருந்தன. பிரெஞ்சுக்காரனுக்கும் ஆங்கிலேயனுக்கும் இத்தாலியனுக்கும் ஜூலை பதினாறு என்றால், அதே காலையில், அதே வெயிலில், கிரேக்கனுக்கும் செர்பியனுக்கும் ஜூலை மூன்று. பதிமூன்று நாள் வித்தியாசம். தெருவில் தர்பூசணி விற்றவனுக்கு இதனால் ஒரு கஷ்டமும் இல்லை. அவன் இரண்டு தேதியும் தெரிந்து வைத்திருந்தான். வெள்ளிக்கிழமை கடை மூடுகிற முஸ்லிம்களுக்கு ஒன்று, சனிக்கிழமை மூடுகிற யூதர்களுக்கு ஒன்று என்று மேலும் இரண்டு தெரிந்து வைத்திருந்தான். ராணுவம் தர்பூசணிக்காரனைப் போல அலட்சியமாக இருக்க முடியாது அல்லவா? ஆகவே நட்பு நாடுகள் கூடிப் பேசி ஓர் அலுவலகம் திறந்தன. பெயர், தேதி ஒருங்கிணைப்பு அலுவலகம். நகரத்தை எரித்த பெருந்தீயில் வேகாமல் தப்பிய ஒரு புகையிலைக் கிடங்கின் மாடி. ஐந்து மேசை, ஐந்து கொடி, மேசைக்கு ஒரு முத்திரை. எல்லா முத்திரையிலும் ஒரே வாசகம்: ‘பதிமூன்று கூட்டப்பட்டது.’

ஆறாவது மேசை ஒன்றும் மூலையில் கிடந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒப்ரென் என்கிற செர்பியச் சிப்பாய் அந்த மாடிப்படியில் முதல் தடவை ஏறியது 1918ஆம் வருஷம், மேலே சொன்ன இரண்டு ஜூலைத் தேதிகளில் ஏதோ ஒன்றில். வயது நாற்பத்து மூன்று. ஊரில் வண்டிச் சக்கரம் செய்தவன். காலில் குண்டு பட்டபின் அவனை ராணுவ வண்டிக் கிடங்கில் போட்டிருந்தார்கள்; காயம்பட்டவர்களைக் கொண்டுவரும் வண்டிகளுக்குச் சக்கரம் பழுது பார்ப்பான். மூன்று வருஷத்துக்கு முன், நாடு விழுந்தபோது, படையோடு படையாகப் பனிமலை தாண்டி வந்தவன். மனைவி தேசங்கா வால்யெவோ பக்கத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டாள். ஊர் இப்போது ஆஸ்திரியர்கள் கையில். அன்றிலிருந்து ஒரு வரி தகவல் இல்லை.

செர்பிய மேசையில் கேப்டன் திஹோமிர் உட்கார்ந்திருந்தார்.

“ஒப்ரெனா? செஞ்சிலுவைச் சங்கம் மூலமா உனக்கு ஒரு கார்டு வந்திருக்கு.”

ஒப்ரென் கையை நீட்டினான்.

“கையை எடு. வந்திருக்குன்னுதான் சொன்னேன். தர்றேன்னு சொல்லலையே. இது ஆகஸ்ட் பதினாலு தேதியிட்ட கார்டு. இன்னிக்கு என்ன தேதி?”

“ஜூலை மூணுங்க ஐயா. இல்ல, பதினாறு.”

“எதை வச்சுப் பார்த்தாலும் ஆகஸ்ட் பதினாலு வந்திருச்சா?”

“வரலைங்க.”

“அப்ப இந்தக் கார்டை அவ இன்னும் எழுதலை. எழுதாத கடுதாசியை நான் எப்படிய்யா உன் கையில தர்றது? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

நடந்தது இதுதான். கார்டு எழுதப்பட்டது ஜூன் பத்தாம் தேதி. பிரெஞ்சு மேசை பார்த்தது: செர்பியப் பெண் எழுதியது, ஆகவே பழைய தேதி, பதிமூன்று கூட்டு. ஜூன் இருபத்து மூன்று. ஆங்கில மேசை பார்த்தது: பிரெஞ்சுக்காரர்கள் கூட்டியிருக்க மாட்டார்கள். ஜூலை ஆறு. இத்தாலிய மேசை ஆங்கிலேயரை நம்பவில்லை. கிரேக்க மேசை நட்பு நாடுகளின் ஒற்றுமையைக் கருதிக் கூட்டியது. செர்பிய மேசை, மற்ற நால்வரும் கூட்டியிருக்கும்போது தான் மட்டும் கூட்டாவிட்டால் நன்றாக இருக்காது என்று கூட்டியது.

“முகவரிப் பக்கத்தை மட்டுமாவது காட்டுங்க ஐயா.”

கேப்டன் கெட்ட மனிதர் அல்ல. காட்டினார். ஊதா மை. அந்த ஊரில் செர்பியர்களின் சிரிலிக் எழுத்து எழுதக்கூடாது என்று ஆஸ்திரியர்கள் தடை போட்டிருந்ததால் லத்தீன் எழுத்து. தேசங்காவுக்கு லத்தீன் எழுத்து தெரியாது. அது வேறு யாரோ ஒருவர் கையெழுத்து.

இருபது சொல்லுக்கு மேல் எழுத அனுமதி இல்லாத கார்டு அது. அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதினார்களா, அவள் இல்லை என்பதைத் தெரிவிக்க யாரோ எழுதினார்களா? படியிறங்கும்போது ஒப்ரென் ஒவ்வொரு படிக்கும் நின்றான்.

அதற்குப் பிறகு அவன் வேலை செய்தது சக்கரத்தில், இருந்தது அந்தக் கார்டில். ஆரக்கால் செதுக்கும்போது இருபது சொல்லை அடுக்குவான். ‘நலம், கூரை ஒழுகுகிறது, பன்றியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்’ என்று ஒரு நாள். மறுநாள் அண்டைவீட்டுக்காரி எழுதுவது போல: ‘சொல்ல வருத்தமாக இருக்கிறது.’ அதற்கு மேல் அடுக்க மாட்டான். கூடாரத்தில் அவனோடு இன்னும் பதினோரு பேர் படுத்திருந்தார்கள். பதினோரு பேருக்கும் இதே கதை என்பதால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி முகம் மழித்துக்கொண்டு போனான்.

“இன்னிக்குத்தாங்க ஐயா எழுதறா.”

“நீ எந்த நாட்டுப் படை?”

“செர்பியா.”

“செர்பியப் படைக்கு இன்னிக்கு ஆகஸ்ட் ஒண்ணு. அவ எழுதிட்டாலும் நீ வாங்கிக்க இன்னும் பதிமூணு நாள் இருக்கு.”

“அப்ப ஒரு மனு எழுதிக் கொடுக்கட்டுமா?”

“அது உன் உரிமை,” என்றார் கேப்டன். அவர் முகத்தில் ஒரு கணம் பரிதாபம் தெரிந்தது. ஆனால் தடுக்கவில்லை.

மனு கார்டோடு சேர்த்துக் கட்டப்பட்டு ஐந்து மேசையும் சுற்றியது. ஐந்து முத்திரை. கார்டின் தேதி அக்டோபர் பதினெட்டு ஆயிற்று. ஒப்ரெனைத் தலைவரிடமே அழைத்துப் போனார்கள். கர்னல் மொர்வான் எழுந்து நின்று கைகுலுக்கினார். மரியாதை தெரிந்த மனிதர்.

“நண்பரே, எங்க அலுவலகம் இதுவரை ஒருத்தருக்கும் தேதியை மறுத்ததில்லை. வந்தவங்க எல்லாருக்கும் கூட்டித்தான் கொடுத்திருக்கோம். எதிரி நாட்டுல உங்களுக்கு ஒரே ஒரு தேதி. இங்க பாருங்க, ஐந்து நாடுகள் உங்க ஒரே கார்டுக்காக உழைக்குது. இதுக்குப் பேர்தான் சுதந்திரம்.”

“கார்டைக் கொடுத்தா போதுங்க.”

“கொடுக்கத்தானே இருக்கோம். எழுதட்டும்.”

பக்கத்தில் ஆங்கில மேஜர் ஹார்க்னெஸ் குழாய் புகைத்துக்கொண்டிருந்தார். “உங்க மனைவிக்கு ரொம்பத் தாமதமா எழுதற பழக்கமோ?” என்று அக்கறையாகக் கேட்டார்.

ஒப்ரென் இரண்டாவது மனு கொடுத்தான். கார்டு டிசம்பர் இருபத்திரண்டுக்குப் போயிற்று.

அன்று வெளித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு குவளை தேநீரை நீட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தான். ஐம்பத்தைந்து வயது இருக்கும், தோள்பட்டை நைந்த ரஷ்யச் சீருடை.

“எத்தனை மனு கொடுத்தே தம்பி?”

“ரெண்டுண்ணே.”

“பாவி. சும்மா இருந்திருந்தா இந்நேரம் எழுதி முடிச்சிருப்பா.”

ஆறாவது மேசை அவருடையது. பெயர் பொர்ஃபீரி. ரஷ்யா போரைவிட்டு விலகி மாதங்கள் ஆகிவிட்டன. ஆனால் மேசையை எடுக்க ரஷ்யாவிலிருந்து உத்தரவு வரவேண்டும்; எந்த ரஷ்யாவிலிருந்து என்பதில் மற்ற ஐந்து மேசைகளுக்கும் ஒத்த கருத்து இல்லை. ஏழு பேர் இருந்த பிரிவு. ஆறு பேர் போய்விட்டார்கள். பொர்ஃபீரி காலையில் வருவார், மேசையைத் துடைப்பார், சாயங்காலம் போவார்.

“உங்களுக்குக் கடுதாசி வருதாண்ணே?”

“எங்கிருந்து? நான் கிளம்பின ஊருக்கு இப்ப வேற பேரு. தெருவுக்கும் வேற பேராம். வீட்டுல யாரு இருக்காங்கன்னு கேட்டு எழுதணும்னா, யாருக்கு எழுதறது?” தேநீரை ஊதிக் குடித்தார். “உனக்காவது டிசம்பர்ல எழுதப்போறா.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

செப்டம்பர் முதல் வாரம் தலைமையகத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறை வந்தது. உள்ளே ஒரே வரி: ‘பெருந்தாக்குதல், செப்டம்பர் பதினைந்து. எல்லாப் படைகளுக்கும் அவரவர் தேதியில் தெரிவிக்கவும்.’ அலுவலகம் பிறந்ததே இந்த ஒரு நாளுக்காக. கர்னல் கையுறை போட்டுக்கொண்டு உறையைப் பிரித்தார். ஐந்து மேசையும் ராப்பகலாக உழைத்தன. வெளியே வந்தபோது தாக்குதல் நவம்பர் பத்தொன்பதில் இருந்தது. ‘மிக ரகசியம்’ என்று தலைப்பிட்டு நானூறு பிரதி அச்சடித்தார்கள். அதில் இரண்டு பிரதி மீன் சந்தையில் அகப்பட்டன, ஒன்று சாளை மீனைச் சுற்றிய நிலையில்.

செப்டம்பர் பதினைந்து காலையில் மலையில் போர் தொடங்கிவிட்டது.

அலுவலகத்தில் பெரிய அதிர்ச்சி. “இது அனுமதி பெறாத தாக்குதல். இன்னும் ஒன்பது வாரம் இருக்கு,” என்றார் கர்னல். விசாரித்ததில் தெரிந்தது: தலைமையகம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பொறுமையில்லாத ஓர் அதிகாரி தொலைபேசியை எடுத்து எல்லாப் படைகளிடமும் ‘நாளைக்குக் காலையில’ என்று சொல்லிவிட்டான். நாளைக் காலை ஐந்து படைகளுக்கும் ஒரே நேரத்தில்தான் விடிந்தது.

செர்பியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் மலையுச்சியைப் பிடித்தார்கள். ஏரிப் பக்கம் ஆங்கிலேயரும் கிரேக்கரும் மோதிச் செத்தார்கள். மூன்று வருஷம் அசையாத போர்முனை மூன்று நாளில் உடைந்தது. ஒப்ரெனின் கிடங்கில் உடைந்த சக்கரங்கள் மலையாகக் குவிந்தன. இரத்தம் காய்ந்த பலகைகளைக் கழுவிவிட்டுத்தான் ஆணி அடிக்க முடிந்தது. கூடாரத்தில் இருந்த பதினோரு பேரும் வடக்கே நடந்துவிட்டார்கள், வீட்டைப் பார்த்து. இவன் மட்டும் மிஞ்சினான். மாத முடிவில், எதிரே நின்ற பல்கேரியா பணிந்தது. உலகப் போரில் முதலில் விழுந்த கல் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

செப்டம்பர் முப்பது அன்று அலுவலகத்தில் வெற்றி விழா. ஒப்ரென் பெஞ்சில் உட்கார்ந்து, திறந்திருந்த கதவு வழியாகக் கேட்டான்.

“போரைத் திருப்பியது பீரங்கிகள் என்று சொல்வார்கள்,” என்று கர்னல் மொர்வான் தொடங்கினார். “சொல்லட்டும். ஆனால் எதிரியின் கையில் நம் ரகசிய அறிக்கை கிடைத்தது. அவன் அதை நம்பினான். நவம்பர் பத்தொன்பது என்று நினைத்துத் தூங்கினான். அவனுக்குத் தாக்குதல் எப்போது என்று தெரியாமல் போனது ஏன்? நமக்கே தெரியாமல் இருந்தது. ரகசியத்தை இதைவிடப் பத்திரமாக எந்த அலுவலகமும் காத்ததில்லை.”

கைதட்டல்.

மேஜர் ஹார்க்னெஸ் குழாயை வாயிலிருந்து எடுத்தார். “ஒரு சின்னத் திருத்தம். அறுபத்தைந்து நாளில் எந்தப் பதிமூன்று எதிரியை ஏமாற்றியது? இரண்டாவது பதிமூன்று, அதாவது எங்களுடையது, தேதியை அக்டோபருக்குள் தள்ளியது. திருப்பம் அங்கேதான்.”

“நவம்பருக்குள்ள தள்ளினது நாங்க,” என்றது கிரேக்க மேசை. “அக்டோபரை எவன் நம்பினான்?”

“எங்க பதிமூணு இல்லாம உங்க பதிமூணு எங்கே போய் நின்னிருக்கும்?” என்று இத்தாலிய மேசை எழுந்தது.

கேப்டன் திஹோமிர் மெல்லச் சொன்னார்: “மலை ஏறினவங்க எங்க பசங்க.”

“அது வேற துறை,” என்றார் கர்னல்.

கடைசியில் ஐந்து பதிமூன்றுகளும் சமமாகப் போரைத் திருப்பின என்று தீர்மானம் நிறைவேறியது. பதக்கம் அடிப்பது என்று முடிவாயிற்று. பதக்கத்தில் எந்தத் தேதி போடுவது என்பதற்குக் கோப்பு திறந்தார்கள். பிறகு எல்லோரும் புகைப்படம் எடுத்துக்கொள்ள மொட்டைமாடிக்குப் போனார்கள். ஆறாவது மேசையைக் கூப்பிடவில்லை.

பொர்ஃபீரி கதவருகே வந்து, “உள்ள வா,” என்றார்.

கேப்டனின் மேசையிலிருந்து கார்டை எடுத்துத் தன் மேசையில் வைத்தார். இழுப்பறையைத் திறந்து ஒரு முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது, எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

“தம்பி, இந்தப் பிப்ரவரியில எங்க நாடு புதுத் தேதிக்கு மாறிச்சு. ஜனவரி முப்பத்தொண்ணு படுத்தவன் பிப்ரவரி பதினாலு எழுந்தான். நடுவுல பதிமூணு நாள் எங்க போச்சு? நான் இங்க இருந்தேன். எங்கிட்டேருந்து அதை யாரும் எடுத்துக்கலை. கழிக்க வேண்டிய பதிமூணு நாள் எங்கிட்டயே நிக்குது. விதி அப்படித்தான் சொல்லுது, படிச்சுப் பார்த்துட்டேன்.”

முத்திரை விழுந்தது. ‘பதிமூன்று கழிக்கப்பட்டது.’ டிசம்பர் ஒன்பது.

“அதுக்கும் இன்னும் ரெண்டு மாசம் இருக்கேண்ணே.”

“பொறு. போன ஆறு பேரும் அவங்கவங்க பதிமூணை எங்கிட்ட விட்டுட்டுத்தான் போனாங்க. வேணாம்னுட்டாங்க.” ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஆறு தடவை குத்தினார். கார்டு நவம்பரைத் தாண்டி, அக்டோபரைத் தாண்டி, செப்டம்பர் இருபத்திரண்டில் வந்து நின்றது. “எட்டு நாளைக்கு முன்னாடி எழுதிட்டா. எடுத்துக்கோ.”

“உங்க நாளெல்லாம் தீந்துபோச்சேண்ணே.”

“வச்சு என்ன பண்ணப் போறேன்.”

ஒப்ரெனுக்கு லத்தீன் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும். பொர்ஃபீரி படித்தார்.

‘உயிரோடு இருக்கிறேன். உன் மெழுகுவத்தி இன்னும் மேலே. மித்ரோவ்தானுக்குள் பதில் வராவிட்டால் கீழே வைப்பேன். இனி என்னால் முடியவில்லை. தேசங்கா.’

“மேலே கீழேன்னா?”

“எங்க கோயில்ல மணல் தட்டு ரெண்டு அடுக்கு. உசுரோட இருக்கறவங்களுக்கு மேல ஏத்துவோம். செத்தவங்களுக்குக் கீழ.” ஒப்ரென் விரல்விட்டு எண்ணினான். “மித்ரோவ்தான் பண்டிகை அக்டோபர் இருபத்தாறு. எங்க தேதிக்கு இன்னிக்கு செப்டம்பர் பதினேழு. முப்பத்தொம்பது நாள் இருக்கு. பதில் போட்டா?”

பொர்ஃபீரி ஐந்து மேசைகளையும் ஒரு பார்வை பார்த்தார்.

“சரி, நடந்துடறேன்,” என்றான் ஒப்ரென்.

“நட. படை பின்னாடி போற சிப்பாயை எவனும் நிறுத்த மாட்டான்.” படி வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. மேலே புகைப்படக்காரன், அசையாதீர்கள், அசையாதீர்கள் என்று கத்திக்கொண்டிருந்தான்.

காலை இழுத்துக்கொண்டு ஒப்ரென் முப்பத்து நான்கு நாள் நடந்தான். ஆற்றைப் பார்த்தான், எரிந்த பாலங்களைப் பார்த்தான். ராணுவ ரொட்டி கிடைத்த இடத்தில் தின்றான், கிடைக்காத இடத்தில் காய்ந்த பிளம் பழம். பேச்சுத்துணை கிடையாது. ஒவ்வொரு காலையும் ஒரு தேதி சொல்லிக்கொள்வான், அவ்வளவுதான் அவன் பேசிய பேச்சு. ஊர் எல்லைக்கு வந்தபோது அக்டோபர் இருபத்தொன்று. இன்னும் ஐந்து நாள் கையில் இருந்தது.

எதிரே ஒரு கிழவர் வந்தார். அவர் போட்டிருந்த கோட்டு ஒப்ரெனுடையது. இடது முழங்கையில் சேணத்தோல் ஒட்டு, அவன் தைத்தது.

“நல்ல கோட்டு பெரியவரே.”

“நல்ல கோட்டுதான். ஒரு விதவை கொடுத்தா. போட்டுக்கறப்பல்லாம் புருஷனுக்காக வேண்டிக்கணும்னா.”

“வேண்டிக்கறீங்களா?”

“குளிர் அடிச்சா வேண்டிக்கறேன். ஒப்ரென்னு பேரு. அவன் ஆத்மா அமைதியா இருக்கட்டும்.”

இதற்கு வழக்கமான பதில் ஒன்றுதான். “ஆமென்,” என்றான் ஒப்ரென். “எப்பக் கொடுத்தா?”

“மித்ரோவ்தான் அன்னிக்கு.”

“மித்ரோவ்தான் வர இன்னும் அஞ்சு நாள் இருக்கே.”

“எந்த ஊருய்யா நீ? அது போய் எட்டு நாளாச்சு. ஆஸ்திரியாக்காரன் பண்டிகையெல்லாம் அவன் தேதிக்கு மாத்திட்டான்ல. ஆளு ஓடிட்டான், தேதி அப்படியே கிடக்கு.”

ஒப்ரென் நின்றான். ஐந்தும் எட்டும் பதிமூன்று. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

தேசங்கா முற்றத்தில் உட்கார்ந்து மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் கறுப்புத் துணி. நிமிர்ந்து பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

“நான்தான்.”

“தெரியுது.”

“கார்டு லேட்டாத்தான் கைக்கு வந்துச்சு. தேதியில ஒரு குழப்பம்.” அவன் சொன்னான். ஐந்து மேசை, முத்திரை, டிசம்பர், ரஷ்யக்காரர் எல்லாம் சொன்னான். அந்த முற்றத்தில் நின்று சொல்லும்போது குடிகாரன் உளறுவது போல அவனுக்கே கேட்டது. அவள் கடைசி வரை கேட்டாள்.

“முடிச்சியா?”

“முடிச்சேன்.”

“மூணு வருஷம் உன்னை நான் ஒருத்திதான் உசுரோட வச்சிருந்தேன். ஊரே கீழ வைன்னுச்சு. வைக்கலை. எட்டு நாளைக்கு முன்ன வச்சேன். வச்சுட்டு அழுதேன். அழுது முடிச்சுட்டேன். அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.” ஒரு கதிரை எடுத்தாள், உரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். “இப்ப வந்து நிக்கறே.”

“போயிடட்டுமா?”

“போன்னு யாரு சொன்னா? உன் கணக்குல மித்ரோவ்தானுக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்குன்னியே.”

“இருக்கு.”

“அதை எனக்குக் கொடு. அதுவரைக்கும் வீட்டுக்குள்ள வராதே. என்னால ஒரே நாள்ல முடியாது.”

சக்கரக் கொட்டகையில் ஆரக்கால்களை ஒதுக்கிவிட்டு அவன் கம்பளியை விரித்தான். பொழுது சாயும்போது அவள் அவரைக் குழம்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கரண்டியை மறந்திருந்தாள். திரும்பி வந்து நீட்டினாள்.

“குளிருதா?”

“கோட்டு இருந்தா பரவாயில்லை.”

“கொடுத்துட்டேன்.”

“பார்த்தேன். அந்த ஆளுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு.”

அவள் வாயோரம் ஏதோ அசைந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டகைக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள், காலடி நகரவில்லை.

“நாளைக்கு நாலு,” என்றாள்.